காலி டின்னில் இரண்டு கரண்டி சீனி

1943 பிப்ரவரி 6, சனிக்கிழமை. காலை மணி ஒன்பதே கால். அது டோக்கியோ நேரம். ஜப்பானியர் வந்ததும் எல்லாக் கடிகாரங்களையும் ஒன்றரை மணி முன்னால் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டார்கள். பழைய கணக்கில் ஏழே முக்கால்தான். பன்னிரண்டு நாளாக மழை இல்லை. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசைக்கு முன்னாலிருந்த புல் காய்ந்துபோய், தண்டவாளப் பக்கமிருந்து கரித்தூளும் புழுதியுமாக வீசிக்கொண்டிருந்தது. ஒரு சிப்பாய் வந்து எங்கள் வாசலில் பெரிய பிஸ்கட் டின் ஒன்றை வைத்தான். நான் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினேன். அவன் என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனான்.

டின்னைத் திறந்து பார்த்தோம். கோதுமை மாவு, என் கைக்கணக்கில் முக்கால் ராத்தல். துணிப்பையில் வெள்ளைச் சீனி, ஒரு ராத்தல் இருக்கும். வைக்கோலுக்கு நடுவே பத்து முட்டைகள். என் மனைவி மாவை விரல் நுனியில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"யாரு செத்துட்டாங்க, இவ்வளவு மாவு வருது?" என்றாள்.

அந்தச் சமயத்தில் கோதுமை மாவு என்பது பேச்சில் மட்டும் இருந்த பொருள். முந்தைய கிறிஸ்துமஸுக்கு, டப்பாவின் அடியில் ஒட்டியிருந்த கடைசி மாவைச் சுரண்டி, மரவள்ளி மாவோடு கலந்து அவள் ஒரு கேக் சுட்டிருந்தாள். அதில் ஒரு துண்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருந்தேன். நான் அங்கே கிராணி. போகிற வருகிற சரக்குப் பெட்டிகளின் எண்களை எழுதுவது என் வேலை. எங்கள் பகுதிக்கு ஒரு ஜப்பானிய அதிகாரி. அவருக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு துபாஷி. யுத்தத்துக்கு முன் ஜப்பானியர் ஒருவரின் போட்டோக் கடையில் வேலை பார்த்து அந்த மொழியைக் கற்றுக்கொண்ட தமிழர். என் கேக்கில் பாதியைத் தின்றவர் அவர்தான்.

அன்று மதியம் அவர் என் மேசைக்கு வந்தார்.

"கிராணியாரே, டின்னு வந்துச்சா?"

"வந்துச்சு. என்னய்யா இது?"

"துரைக்குக் கேக்கு வேணுமாம்லா. அவங்க ஊர்ல கஸ்தேரான்னு ஒண்ணு இருக்காம், முட்டையும் சீனியும் போட்டுச் சுடறது. நான்தான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இல்லாம ஒங்க வீட்டுக் கேக்கைப் பத்திச் சொல்லிட்டேன்."

"சொல்லாம இருந்திருக்கலாம்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சயாம் காட்டுல ரயில் பாதை போட லிஸ்டு தயாராவுது. ஆளுங்களைக் கணக்கு வைக்கக் கிராணிமாரும் போவணும். ஒங்க பேரு அஞ்சாவதா இருந்துச்சு. இப்ப இல்ல. சனிக்கிழமை சனிக்கிழமை கேக்கு வந்தா, பேரு வராது. அவ்வளவுதான்."

சயாம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தோட்டத்து ஆட்களை அடைத்துக்கொண்டு வடக்கே போன பெட்டிகளின் எண்களை எழுதியவன் நான். அதே எண்கள் திரும்பி வந்தபோது உள்ளே ஆட்கள் இல்லை என்பதையும் நான்தான் எழுதினேன்.

ஆகவே கேக் சுட்டோம். எங்களிடம் கேக் சுடும் ஓவன் கிடையாது. கரி அடுப்பின் மேல் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், அதன் அடியில் இரண்டு அங்குலத்துக்கு மணல், மணல்மேல் கேக் டின், தகரத்துக்கு மூடி, மூடிமேல் தணல். மேல் தணலும் கீழ்த் தணலும் சமமாக இருக்க வேண்டும். பத்து முட்டையை அவள் ஒரே கையால் அடிப்பாள். நான் நேரம் பார்ப்பேன். நாற்பது நிமிடம். முதல் கேக்கைச் சிப்பாய் அதே பிஸ்கட் டின்னில் வைத்து வாங்கிக்கொண்டு போனான். திங்கட்கிழமை துபாஷி சொன்னார்: "துரைக்குப் பிடிச்சிருக்கு. ஆனா நடுவுல மலை மாதிரி எழும்பியிருக்காம். கஸ்தேரா சமமா இருக்கணுமாம்."

வீட்டில் வந்து சொன்னேன். "அப்ப அவரு பலகையைத் தின்னட்டும்," என்றாள்.

ஆனால் அடுத்த சனிக்கிழமைக்குள் அவள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். கிழிந்த துவாலையை மூன்று மடிப்பாக மடித்து, மெஷினில் ஓட்டி, ஒரு பெல்ட் மாதிரி தைத்து, நுனியில் பித்தான் வைத்தாள். அதைத் தண்ணீரில் நனைத்துக் கேக் டின்னைச் சுற்றிக் கட்டினாள். ஓரம் சீக்கிரம் இறுகாமல் நடுவோடு சேர்ந்து எழும்பியது. கேக் மேசைமாதிரி வந்தது. எங்கள் பெண்கள் இருவரும், ஆறு வயதும் நாலு வயதும், அதற்குக் கேக்குப் பாவாடை என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு மாவுக் கலவை ஒட்டியிருந்த பாத்திரம் மட்டும் கிடைக்கும். டின்னில் வந்ததில் ஒரு கரண்டிகூட வீட்டில் நிற்கக் கூடாது என்று நான் கண்டிப்பாக இருந்தேன். கேக்கை நிறுத்துப் பார்ப்பார்கள் என்று எனக்குப் பயம்.

"முட்டையை எண்ணுங்க, வேண்டாங்கலை. முட்டை போட்ட கோழியோட மூச்சையெல்லாம் எண்ணாதீங்க," என்பாள்.

கேக் என்னைக் காப்பாற்றியது. எங்களுக்குச் சோறு போட்டது தையல். யுத்தத்துக்கு முன் தவணையில் வாங்கிய கைமெஷின் ஒன்று அவளிடம் இருந்தது. புதுத் துணி எங்கும் இல்லை. அதனால் ஊரில் இருந்த பழைய துணியெல்லாம் எங்கள் வீட்டுக்கு வந்தது. பிப்ரவரி, மார்ச் வெயிலில் பழைய திரைச்சீலைகளையும் படுக்கை விரிப்புகளையும் பிரித்துத் துவைத்துக் காயப்போடுவாள். கறை போகாததைக் கிள்ளான் ஆற்றுமுகச் சதுப்பிலிருந்து வந்த பாக்காவ் மரப்பட்டையைக் கொதிக்கவைத்துச் செம்பழுப்பாகச் சாயமேற்றுவாள். ஈஸ்டருக்கு முன் சட்டைக் காலர்கள். நைந்த பக்கத்தை உள்ளே திருப்பித் தைத்தால் இன்னும் ஒரு வருஷம் ஓடும். அந்த ஆண்டு எங்கள் கோயிலில் உட்கார்ந்திருந்த ஆண்களில் பாதிப்பேர் கழுத்தில் அவள் கைவேலைதான் இருந்தது. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் அதை எண்ணிக்கொண்டிருந்தேன். அன்னாசி இலை நாரில் திரித்த நூல் மெஷினில் சாணுக்கு ஒரு தடவை அறுந்தது. கிழிந்த கொசுவலையிலிருந்து உருவிய நூல் அறுந்துபோகவில்லை. பித்தான்களை நான் சிரட்டையில் வெட்டி, சிமெண்டுத் தரையில் தேய்த்துத் துளைபோட்டேன். ஒன்றுக்கு இருபது நிமிடம் ஆகும். கையெழுத்துப் போடுவதைத் தவிர அந்த வருஷங்களில் நான் செய்த உருப்படியான கைவேலை அதுதான்.

மாவுச் சாக்கு ஒன்றில் சின்னவளுக்குக் கவுன் தைத்தாள். எத்தனை சவுக்காரம் போட்டும் அச்செழுத்துப் போகவில்லை. முதுகில் நிகர எடை நாற்பத்தொன்பது ராத்தல் என்று ஆங்கிலத்தில் இருந்தது. குழந்தையின் எடை இருபத்தேழு.

கூலியாகப் பணம் வாங்கமாட்டாள். அடுத்த வீட்டில் எஞ்சின் பயர்மேன் ஒருவரின் மனைவி இருந்தாள். அவளை நாங்கள் அக்கா என்போம். ரவிக்கைக்கு மூன்று முட்டை கொடுப்பாள். இன்னொருவர் செம்பனை எண்ணெய், இன்னொருவர் கீரையும் கருவாடும். பிற்பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் மெஷினை வைத்து அவள் சக்கரத்தைச் சுற்றும்போது பாடுவாள். கோயில் பாட்டுத்தான், ஆனால் மெஷின் வேகத்துக்குப் பாடுவாள். அக்கா வேலிக்கு அப்பாலிருந்து, "ஒங்க சாமிக்கு ரயிலைப் பிடிக்கணுமா?" என்று கேட்பாள். ஜப்பானியர் இருந்த மூன்றரை வருஷத்தில் எங்கள் வீட்டில் சந்தோஷம் என்று ஏதாவது இருந்திருந்தால் அது அந்த ஜன்னலோரத்தில் இருந்தது. மாவு பொங்குகிற வாசனையும் மெஷின் எண்ணெய் வாசனையும் சேர்ந்து வரும் சனிக்கிழமைகளில் நான் சயாமை ஒரு மணி நேரம் மறந்திருப்பேன். அதற்கு மேல் மறந்ததில்லை.

மே, ஜூனில் விடிவதற்கு முன் சுமத்திராப் புயல்காற்று அடிக்கும். கரி நனைந்துபோகும். ஒரு சனிக்கிழமை மூடிமேல் இருந்த தணல் அவிந்து கேக் நடுவில் குழிவிழுந்தது. அக்காவிடம் கடனாகப் பத்து முட்டை வாங்கி, பிள்ளைகளின் ரேஷன் சீனியைப் போட்டு, கடைசிப் பிடி மாவுக்குக் கள்ளச்சந்தையில் அலைந்து, மறுபடி சுட்டோம். குழிவிழுந்ததை நாங்கள் தின்றோம். பெரியவள், "அப்பா, அடுத்த வாரமும் காத்து அடிக்குமா?" என்று கேட்டாள்.

ஆகஸ்டு 7, இருபத்தேழாவது சனிக்கிழமை. அதிகாரியைப் பார்க்க அவருக்கு மேலே ஒருவர் வருகிறார் என்று இரண்டு டின் வந்தது. இரண்டு கேக் சுட்டாள். சிப்பாய் இரண்டையும் ஒரு மரப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு, ஒரு டின்னை மட்டும் எடுத்துப் போனான். மற்றொன்று எங்கள் அடுப்படியிலேயே இருந்துவிட்டது. திங்கட்கிழமை நானே கொண்டுபோவதாகச் சொன்னேன். அவள் அதைத் துடைத்து மூடித் துணியில் கட்டிக் கொடுத்தாள். நான் அவிழ்த்துப் பார்க்கவில்லை.

அதிகாரி என் எதிரிலேயே மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு காகிதத்தில் வெள்ளைச் சீனி இருந்தது. இரண்டு கரண்டி.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் வீடுகளில் யார் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி அரிசி, இரண்டு வெற்றிலை, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கல் உப்பு. அவள் தன் வீட்டு ரேஷனில் மிஞ்சியிருந்த சீனியை வழித்துப் போட்டிருக்கிறாள். அதுவரை டின் கேக்கோடு போனதால் இந்தப் பேச்சுக்கே இடம் வரவில்லை.

துபாஷி இந்த வழக்கத்தைச் சொல்லிப் பார்த்தார். நான் குனிந்தபடி நின்றேன். அதிகாரி கோபப்படவில்லை. மேசையிலிருந்த மணிச்சட்டத்தை எடுத்துக் கட்டைவிரலால் மணிகளைத் தள்ளினார்.

"துரை கேக்குறாரு," என்றார் துபாஷி, என் முகத்தைப் பார்க்காமல். "சீனியே இல்லாத ஊர்ல சீனியைத் திருப்பிக் குடுக்கிறவன் யாரு? மிச்சம் வச்சிருக்கிறவன்தானே? வாரம் ரெண்டு கரண்டின்னா இருபத்தேழு வாரத்துக்கு அம்பத்துநாலு கரண்டிங்கிறாரு."

பெருக்கல் சரியாக இருந்தது. பிறகு அதிகாரி எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் அறைந்தார். இடது காதில் இன்றுவரை ஒரு ரீங்காரம் உண்டு.

மாலையில் துபாஷி வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை வண்டியில் என் பெயர் இருந்தது. என் மனைவி சுவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் அவருகிட்ட வந்து சொல்றேங்க. என் சீனி அது. என் பிள்ளைங்க சீனி."

"வேணாம்மா. இனி சொன்னா பொய்னுதான் நெனைப்பாரு. பேரை அடிக்க முடியாது. ஆனா சீக்காளியை ஏத்தமாட்டாங்க. அதுவும் நெஞ்சுச் சீக்குன்னா கிட்டவே வரமாட்டாங்க. எனக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒருத்தர் இருக்காரு. காசநோய்னு எழுதிச் சீல் வச்சுக் குடுப்பாரு. முந்நூறு வெள்ளி. லிஸ்டு எழுதுறவனுக்கு நூறு."

என் மாதச் சம்பளம் எண்பத்தைந்து வெள்ளி. அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலோரத்தைப் பார்த்தாள்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வெளிச்சம் இருக்கும்வரை அவள் மெஷினை விட்டு எழவில்லை. அடுத்தவர்கள் கொடுத்திருந்ததில் முக்கால்வாசியை முடித்தாள். பிறகு வீட்டில் இருந்த துணியையெல்லாம் வெட்டினாள். ஏழு வயதுக்கு ஒரு கவுன், எட்டு வயதுக்கு ஒரு கவுன், ஒன்பதுக்கு ஒன்று; பிள்ளைகளின் உடம்பில் அளக்க முடியாததால் உத்தேசமாக வெட்டினாள். எனக்கு இரண்டு கால்சட்டை. அந்த இரண்டு நாளும் பாடவில்லை.

வியாழக்கிழமை மெஷினைப் பாயில் சுற்றிக் கிள்ளான் வண்டியில் ஏற்றினோம். கிள்ளானில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய் பழைய மெஷின்கள் வாங்குவதாகத் துபாஷி சொல்லியிருந்தார். கடையில் அலமாரிகளெல்லாம் காலி. பாய் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"ஓடுமா?"

"ஓட்டிக் காட்டவா?" என்றாள். அவர் தோளில் கிடந்த கிழிந்த துண்டைக் கேட்டு வாங்கி, நாலு சுற்றில் தைத்துக் கொடுத்தாள். அவர் தையலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மெஷினுக்கு நானூத்தி இருபது. இந்தக் கையும் சேர்ந்து வரும்னா அறுநூறு தரலாம் தங்கச்சி."

"கை வீட்டுக்கு வேணும் பாய்."

எல்லாம் ஜப்பானியர் அடித்த புதிய வாழைமர நோட்டு. மூன்று தடவை எண்ணினேன்.

வெள்ளிக்கிழமை சான்றிதழை அதிகாரியின் மேசையில் வைத்தேன். துபாஷி சொல்லி முடிப்பதற்குள் அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். காகிதத்தை ஒரு பென்சிலால் தள்ளினார். வண்டி நான் இல்லாமல் போனது. எனக்கு வேலை போயிற்று, இரண்டு வாரத்தில் குவார்ட்டர்ஸும் போயிற்று. வரிசைக்குப் பின்னால் ஆற்றோரம் ஒரு பலகை அறைக்கு மாறினோம். அந்த வண்டியில் போனவர்களில் எத்தனை பேரைத் திரும்பப் பார்த்தேன் என்று எண்ணியிருக்கிறேன். ஒன்பது பேர்.

நான் பிழைத்துவிட்டேன் என்று நினைத்தேன். சான்றிதழில் எழுதியிருந்தது ஊருக்கும் தெரிந்துவிடும் என்பதை மட்டும் நான் கணக்கில் எடுக்கவில்லை. அதைப் பொய் என்று சொல்லவும் வழியில்லை. சொன்னால் அடுத்த வண்டி.

அக்காதான் முதலில் வந்தாள். வேலிக்கு வெளியே நின்றாள்.

"தப்பா நெனைக்காதேம்மா. தைக்கக் குடுத்த ரவிக்கை ரெண்டையும் குடுத்துரு. அப்படியே கம்பி மேல போட்டுரு, நான் எடுத்துக்கறேன்."

"ஒண்ணு முடிஞ்சிருச்சுக்கா. இன்னொண்ணு கைத்தையல்ல முடிச்சுத் தரவா?"

"வேணாம்மா. பிள்ளைங்க இருக்குல்ல."

அன்று மாலை அக்கா வீட்டுப் பின்புறம் அடுப்பில் ஒரு அண்டா கொதித்தது. அவள் குச்சியால் ரவிக்கைகளை உள்ளே அமுக்கிக்கொண்டிருந்தாள். என் மனைவி பலகை இடுக்கு வழியாக அதை வெகுநேரம் பார்த்தாள்.

நவம்பர் மழை பிடித்துக்கொண்டபோது வீட்டில் மரவள்ளியைத் தவிர ஒன்றும் இல்லை. அதைத் துருவி, ஊறவைத்துப் பிழிந்து, தேங்காய்ப் பால் விட்டு, வாழையிலையில் வைத்து அவள் ஒரு மாதிரிக் கேக் சுட்டாள். நன்றாகவே இருந்தது. மழைக்காலத்தில் அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. பத்துத் துண்டு போட்டு, பழைய வரிசையில் ஐந்து வீட்டுக்குப் பெரியவளிடம் கொடுத்தனுப்பினாள். எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் நான் விறகு பொறுக்கப் போனபோது அக்காவின் கோழிகள் அதைக் கொத்திக்கொண்டிருந்தன. சொல்லாமல் இருந்திருக்கலாம், சொல்லிவிட்டேன்.

"கோழிக்காவது பிடிச்சிருக்கே," என்றாள். அதற்குப்பின் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. ஊசி நூல்கொண்டு எங்கள் நாலு பேர் துணிக்கு ஒட்டுப்போட்டாள். மற்றவர் துணி ஒன்றுகூட எங்கள் அறைக்குள் வரவில்லை. கோயிலில் எங்கள் பெஞ்சில் நாங்கள் நாலு பேர் மட்டும் உட்கார்ந்தோம். அது ஏழு பேர் உட்காரும் பெஞ்சு. நான் வெளியே போகும்போது இருமிக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் இருமினேன். சில இரவுகளில் அது பொய் இருமலா நிஜ இருமலா என்று எனக்கே தெரியாது.

1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்தார்கள். இப்போது உண்மையைச் சொல்லலாம் என்று எனக்கு ஆசுவாசம். எல்லோரிடமும் சொன்னேன். கேட்டுக்கொண்டு, ஓரடி தள்ளியே நின்றார்கள். எந்தக் காசநோய்க்காரன் தனக்கு நோய் உண்டு என்று ஒப்புக்கொண்டான்? டிரெஸ்ஸர் வேறு ஊருக்குப் போய்விட்டார். துபாஷி தலைமறைவு. பள்ளிக்கூடம் திறந்தபோது பெண்கள் இருவரையும் கூட்டிப்போனேன். தலைமையாசிரியை நல்லவர். மற்ற பெற்றோர் கேட்கிறார்கள், டாக்டரிடமிருந்து ஒரு தாள் வாங்கி வாருங்கள் என்று முகம் வாடச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் அதை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஒங்க நெஞ்சுல ஒண்ணுமே இல்லையே அங்கிள். எப்பவுமே இருந்ததில்லை. யாரு இப்படி எழுதினது?" என்றார். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. அங்கிள் என்று அழைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை.

தாளைக் காட்டியதும் பெண்களைப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள் என்று பெரியவள் பின்னால் சொன்னாள். பட்டாளத்து மாவு பாசார் கடைகளில் தாராளமாக வந்துவிட்டது. கிறிஸ்துமஸுக்கு இரண்டு ராத்தல் வாங்கி வந்து அடுப்படியில் வைத்தேன். அவள் பையைப் பிரிக்கவில்லை. கேக் சுடலையா என்று கேட்டேன்.

"யாருக்கு?" என்றாள்.

மாவில் வண்டு விழும்வரை இருந்தது. பிறகு நான்தான் கொட்டினேன்.

செலவுக் கணக்கை நான் பலமுறை போட்டிருக்கிறேன். டிரெஸ்ஸருக்கும் லிஸ்டு எழுதியவனுக்கும் கொடுத்தது வாழைமர நோட்டு. யுத்தம் முடிந்ததும் அது வெறும் காகிதமாகிவிட்டதால் அதைச் சேர்ப்பதில்லை. மெஷினுக்கு யுத்தத்துக்கு முன் மாதம் நாலு வெள்ளி வீதம் இருபத்து நாலு மாதம் கட்டியது தொண்ணூற்றாறு. எக்ஸ்ரேக்கு மூன்று. டாக்டர் தாளுக்கு இரண்டு. மொத்தம் நூற்றொரு வெள்ளி.